சரிந்த கூரையும் உப்புக் காற்றும்: மாப்பிள்ளையூரணி பக்கம் ஒரு கார் ரவுண்டு

தூத்துக்குடியில் இருந்து வடக்கே, ராமநாதபுரம் போகும் கடற்கரைச் சாலையில் வண்டியைத் திருப்பினால், டவுன் முடிந்தது என்று நினைக்கும்போதே அடுத்த ஊர் ஆரம்பித்துவிடும். மாப்பிள்ளையூரணி அப்படித்தான். மாநகராட்சி எங்கே முடிகிறது, ஊராட்சி எங்கே தொடங்குகிறது என்பது அங்கே வீட்டு வரி கட்டுகிறவர்களுக்கு மட்டும்தான் வெளிச்சம். தாளமுத்துநகர், சிலுவைப்பட்டி என்று தெருக்கள் நீண்டுகொண்டே போகின்றன. வீடுகள் குறைந்ததும் சட்டென்று வானம் பெரிதாகிறது. கண்ணுக்கு எட்டிய தூரம் உப்பளம்.

ஊரணி என்றால் ஊர் குடிக்கும் குளம். உப்புத் தண்ணீர் சூழ்ந்த கரையில், நல்ல தண்ணீரின் பெயரை ஊருக்கு வைத்திருக்கிறார்கள். இந்தப் பக்கம் எது அருமையோ, அதுதானே பெயராக நிற்கும்!

சாலையில் அழகுக்காக ஓடும் வண்டி குறைவு. உப்பு மூட்டை ஏற்றிய லாரி, மீன் பெட்டி அடுக்கிய லோடு ஆட்டோ, தண்ணீர் லாரி. இவை எல்லாவற்றுக்கும் நடுவே வளைந்து நெளிந்து போகும் டிவிஎஸ் எக்ஸ்எல். முன்னால் ஒரு பிள்ளை, பின்னால் அம்மா, பக்கத்தில் தொங்கும் இரண்டு பை. அதன் டிசைன் எப்படி என்று யாரும் விவாதித்ததில்லை. ஓடுகிறதா, சுமக்கிறதா, அவ்வளவுதான்.

அப்படிப்பட்ட ஊர்ப் பக்கத்தில்தான் இப்போது காரின் கூரை எப்படி இருக்க வேண்டும் என்ற பேச்சு டீக்கடை வரைக்கும் வந்திருக்கிறது. காரணம், இங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லாத சில்லாநத்தம் சிப்காட். வியட்நாமின் வின்ஃபாஸ்ட் நிறுவனம் அங்கே சுமார் 400 ஏக்கரில் மின்சார கார் ஆலை அமைத்திருக்கிறது. 2024 பிப்ரவரி 25 அன்று அடிக்கல் நாட்டினார்கள். 2025 ஆகஸ்ட் 4 அன்று முதல்வர் மு.க.ஸ்டாலின் திறந்து வைத்தார். நடுவில் இருந்தது ஒன்றரை வருடத்துக்கும் குறைவு. ஆண்டுக்கு 50,000 கார்கள் என்று ஆரம்பம். பிறகு ஒன்றரை லட்சம் வரை உயர்த்தலாம் என்பது திட்டம். ஆலை திறந்த அடுத்த மாதமே விஎஃப் 6, விஎஃப் 7 என்ற இரண்டு எஸ்யூவிகள் விற்பனைக்கு வந்தன. அறிமுகத்தின்போது எக்ஸ்-ஷோரூம் ஆரம்ப விலை முதலாவதற்கு 16.49 லட்சம், இரண்டாவதற்கு 20.89 லட்சம்.

இரண்டையும் வரைந்தது இத்தாலியின் டோரினோ டிசைன். விஎஃப் 7-ஐப் பக்கவாட்டில் நின்று பார்த்தால் விஷயம் புரியும். முன்பக்கம் எஸ்யூவியின் உயரம். பின்னால் போகப் போக கூரை மெல்ல இறங்கி, பின்கண்ணாடி நன்றாகச் சாய்ந்து முடிகிறது. முழு கூப்பே என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அந்த ஆசை அதற்கு இருக்கிறது என்பது தெரிகிறது.

“குனிஞ்சுல்லா ஏறணும்?”

கார் பிரியர்கள் நாலு பேர் கூடினால் இந்தச் சரிவை வைத்து இரண்டு கட்சி ஆகிவிடுவார்கள். தூத்துக்குடிப் பக்கத்தில் அந்தச் சண்டை இப்படித்தான் ஆரம்பிக்கும்.

“ஏ தம்பி, இம்புட்டு லட்சம் குடுத்துட்டு பின் சீட்டுக்குக் குனிஞ்சுல்லா ஏறணும்? கூரையைப் பாதியில வெட்டிட்டானுவளே!”

“அண்ணாச்சி, அது வெட்டலை. ஸ்டைலுக்குச் சரிச்சிருக்கான். அதுக்குப் பேரு கூப்பே.”

உண்மையில் அண்ணாச்சி சொன்னதுதான் சரி. கூப்பே என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கே ‘வெட்டப்பட்டது’ என்றுதான் பொருள். குதிரை வண்டிக் காலத்தில், எதிரெதிரே இரண்டு வரிசை இருக்கைகள் இருந்த பெரிய வண்டியில் ஒரு வரிசையை வெட்டி எடுத்துவிட்டு, இரண்டு பேர் மட்டும் உட்காரும் சின்ன வண்டி செய்தார்கள். அதற்கு வந்த பெயர் அது. கார் வந்த பிறகு இரண்டு கதவு, தாழ்ந்த உடல், வழுக்கிக்கொண்டு இறங்கும் கூரை கொண்ட ஸ்போர்ட்டியான வண்டிக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஓட்டுகிறவரின் சந்தோஷத்துக்காகச் செய்த வண்டி அது. பின்னால் யார் உட்காருவார்கள் என்ற கவலை அதற்குக் கிடையாது.

எஸ்யூவி அதற்கு நேர் எதிர். கரடுமுரடான பாதை, நிறைய ஆட்கள், நிறைய சாமான். இந்த இரண்டையும் ஒன்றாகச் சேர்க்க முடியுமா என்ற யோசனைக்குத் தென்கொரியாவின் சாங்யாங் 2005-ல் ஆக்டியான் என்ற காரில் ஒரு வடிவம் கொடுத்தது. அப்போது உலகம் சிரித்தது. 2008-ல் பிஎம்டபிள்யூ எக்ஸ்6 வந்தபோதும் சிரித்தது. எக்ஸ்5-ஐ எடுத்து, கூரையை இறக்கி, விலையை ஏற்றியிருந்தார்கள். முதலில் வந்த எக்ஸ்6-ல் பின்னால் இரண்டு பேர்தான் உட்கார முடியும். அவ்வளவு பெரிய வண்டியில் மொத்தமே நாலு பேர்! ‘இது யாருக்கு?’ என்று கார் பத்திரிகைகள் கேட்டன. முதல் தலைமுறை எக்ஸ்6 மட்டும் ஏறக்குறைய இரண்டரை லட்சம் விற்றது. பதில் கிடைத்துவிட்டது.

அதன் பிறகு யாரும் சும்மா இருக்கவில்லை. மெர்சிடிஸ் ஜிஎல்இ கூப்பே, ஆடி க்யூ8, 2019-ல் போர்ஷே கயென் கூப்பே. ஃபெராரியில் எஸ்யூவி என்ற பேச்சுக்கே இடமில்லை என்று ஒரு காலத்தில் அதன் தலைவரே அடித்துச் சொல்லியிருந்தார். 2022-ல் நாலு கதவு புரோசாங்குவே வந்தது. அதை எஸ்யூவி என்று அழைக்காதீர்கள் என்பது மட்டும்தான் மிச்சமிருந்த ரோஷம்.

ரசிகர்களின் மனக்குறையைப் பொறாமை என்றோ பழைமைவாதம் என்றோ ஒதுக்கிவிட முடியாது. தாழ்வான கார் சாலையோடு பேசும், வளைவில் உடம்பு சாயாது, எடை குறைவு. இரண்டு டன்னைத் தாண்டும் வண்டிக்கு ஸ்போர்ட்ஸ் என்று ஸ்டிக்கர் ஒட்டி, அதற்காகவே பெரிய இன்ஜினும் அகலமான டயரும் பொருத்தி, எடையின் பாவத்தை சக்தியால் கழுவுவது அவர்களுக்கு ஏமாற்று வேலையாகப் படுகிறது. இன்னொரு பக்கம் இருக்கிறது, அதுவும் உண்மைதான். 2023-ல் லம்போர்கினி உலகம் முழுக்க 10,112 கார்கள் விற்றது. அதில் 6,087 உருஸ் எஸ்யூவி. சுவரில் போஸ்டராக ஒட்டிவைக்கும் அந்தத் தாழ்ந்த மஞ்சள் காரைச் செய்யும் செலவுக்கு, ரசிகர்கள் திட்டும் அந்த உயரமான கார் சம்பாதித்துக் கொடுக்கிறது. போர்ஷேயிலும் இதே கதைதான். 2002-ல் கயென் வந்தபோது தலையில் அடித்துக்கொண்டவர்கள், 911 இன்னும் உயிரோடு இருப்பதற்கு அந்தக் கயென்தான் ஒரு பெரிய காரணம் என்று இப்போது ஒப்புக்கொள்கிறார்கள். ஒப்புக்கொண்டாலும் பிடிக்கவில்லை. அதுதான் இந்தக் கலவையான மனநிலை.

வின்ஃபாஸ்டுக்கும் இந்த வம்சாவளியில் ஒரு தொடர்பு உண்டு. 2018-ல் பாரிஸ் கார் கண்காட்சியில் அது காட்டிய முதல் எஸ்யூவி, பிஎம்டபிள்யூ எக்ஸ்5-ன் தொழில்நுட்பத்தை உரிமம் வாங்கிச் செய்தது. எக்ஸ்6-க்கு அண்ணன் முறை. அதன் தாய் ஆலை இருக்கும் ஹாய் போங் நகரமும் துறைமுக நகரம்தான். துறைமுகத்தில் பிறந்த கம்பெனி இங்கேயும் துறைமுகம் பார்த்து வந்திருக்கிறது.

முத்துக்கும் இப்படித்தான்

உருவத்துக்குத் தனி விலை வைப்பது இந்தக் கரைக்குப் புதிதில்லை. மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்த காலத்தில், எடுத்த முத்துகளைத் துளைகளின் அளவு மாறும் பித்தளைச் சல்லடைகளில் போட்டுப் பிரிப்பார்கள். அதன் பிறகு உருண்டை எது, கோணல் எது, மினுக்கு எப்படி என்று கண்ணால் தரம் பார்ப்பார்கள். கோணல் முத்தும் அதே சிப்பியில், அதே கடலில், அதே உழைப்பில் வந்ததுதான். ஆனாலும் விலை வேறு. தூத்துக்குடிக் கடலில் கடைசியாகப் பெரிய அளவில் முத்துக் குளித்தது 1961-ல் முடிந்தது. சங்கு குளிப்பவர்கள் அதன் பிறகும் உண்டு.

எக்ஸ்5-ஐ விட எக்ஸ்6-க்கு விலை அதிகம். கயெனை விட கயென் கூப்பேவுக்கு விலை அதிகம். கூரை குறைகிறது, பில் கூடுகிறது! முத்து வியாபாரி இதைக் கேட்டால் ஆச்சரியப்பட மாட்டார். முட்டுவலிக்காரர் ஆச்சரியப்படுவார்.

முட்டுவலியைச் சொன்னது விளையாட்டுக்கு இல்லை. குடும்பத்துக்கு கார் பார்க்கிற வீடுகளில் முதல் கேள்வியே ‘ஆச்சி ஏறி இறங்க முடியுமா’ என்பதுதான். எஸ்யூவி ஜெயித்ததே அந்த இடத்தில்தான். சீட் இடுப்பு உயரத்தில் இருப்பதால், தாழ்ந்த செடானில் விழுவதுபோல உட்கார வேண்டியதில்லை. எழும்போது கை கொடுத்துத் தூக்க வேண்டியதில்லை. கூப்பே வடிவம் அந்த நன்மையில் பாதியைப் பின்கதவில் திருப்பி வாங்கிக்கொள்கிறது. சீட் உயரமாகத்தான் இருக்கிறது. கதவின் மேல்விளிம்பு இறங்கியிருக்கிறது. தலையில் இடிக்கும். இதை ஷோரூமில் முன் சீட்டில் உட்கார்ந்து ஸ்கிரீனைத் தடவிப் பார்க்கும் பேரனால் கண்டுபிடிக்க முடியாது. ஆச்சியைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

டிக்கி விஷயத்தில் மட்டும் பொதுவாகச் சொல்லப்படும் குறை முழுக்க சரியில்லை. டாடா கர்வில் 500 லிட்டர், திருவள்ளூர் ஆலையில் தயாராகும் சிட்ரோயன் பசால்ட்டில் 470 லிட்டர். இரண்டும் 2024 ஆகஸ்ட்டில் அறிமுகமானவை. பின்பக்கம் நீண்டிருப்பதால் பெட்டிகள் படுக்கையாக நன்றாகவே அடங்கும். குறைவது உயரம். வேம்பாரில் இருந்து கருப்பட்டி சிப்பம் ஏற்றலாம். தண்ணீர்க் கேனை நிமிர்த்தி அடுக்க யோசிக்க வேண்டும்.

ஒரு காலத்தில் கோடீஸ்வரர்களின் விளையாட்டாக இருந்த வடிவம் பசால்ட் வழியாக எட்டு லட்சம் ரூபாய்க்கு இறங்கி வந்தது. 2024 நவம்பரில் மஹிந்திரா தன் பிஇ 6, எக்ஸ்இவி 9இ கார்களை அறிமுகம் செய்த மேடையும் சென்னைதான். பிஎம்டபிள்யூ 2007-ல் இருந்தே சிங்கப்பெருமாள்கோவில் பக்கத்தில் கார் பொருத்துகிறது. சாய்ந்த கூரை பற்றி ஏளனம் பேசினாலும் ரசித்துப் பேசினாலும், தமிழ்நாடு அதற்கு வெளியே நின்று பேச முடியாது.

உப்பு என்ன சொல்கிறது?

தருவைக்குளம் நோக்கிக் காலையில் போகிறவர்கள் உப்பளத்தின் உண்மையான நேரத்தைப் பார்க்கத் தவறிவிடுகிறார்கள். வெயில் ஏறும் முன்பே வேலையை முடிக்க வேண்டும் என்பதால் இருட்டிலேயே பாத்திக்குள் இறங்கிவிடுவார்கள். சூரியன் வரும்போது வாரிக் குவித்த உப்பு வெள்ளைவெளேரென்று வரப்பில் நிற்கும். ஜனவரியில் தொடங்கும் சீசன் மழை வந்தால் முடிந்தது. மழைக்காலத்தில் வேலை இல்லாத உப்பளத் தொழிலாளர்களுக்கு அரசு 5,000 ரூபாய் நிவாரணம் கொடுக்க ஆரம்பித்தது 2022-ல்தான். இந்தியாவில் குஜராத்துக்கு அடுத்து அதிக உப்பு தமிழ்நாட்டில் விளைகிறது. அதில் பெரும்பங்கு தூத்துக்குடி. நாடு முழுக்கச் சமையலறையில் இருக்கிற பொருள், விளைகிற ஊரில் இரும்பைத் தின்கிறது.

கடலோரக் காற்றில் இருக்கும் உப்பு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சக்கர வளைவின் உள்பக்கம், கதவின் அடிவிளிம்பு, பிரேக் டிஸ்க், சைலன்சர் என்று கண்ணில் படாத இடத்தில் துரு ஆரம்பிக்கும். இந்தப் பக்கத்துக்காரர்கள் வண்டியின் மேல்பக்கத்தை விட அடிப்பக்கத்துக்கு நல்ல தண்ணீர் அடிப்பதில் கறாராக இருப்பார்கள். ஊரணித் தண்ணீருக்கு மதிப்பு இங்கே இன்னொரு வகையிலும் உண்டு! மின்சார காரில் சைலன்சர் இல்லை, ஒரு கவலை மிச்சம். ஆனால் மோட்டாரே வேகத்தைக் குறைத்துவிடுவதால் பிரேக் குறைவாகப் பிடிக்கப்பட்டு, டிஸ்க்கில் படியும் துரு தேய்ந்துபோகாமல் அப்படியே நிற்கும். அவ்வப்போது நன்றாக அழுத்திப் பிரேக் பிடிப்பது நல்லது. கூப்பே எஸ்யூவியின் குறுகிய பின்கண்ணாடிக்குப் பதிலாக நம்பச் சொல்லும் ரிவர்ஸ் கேமரா மேலும் உப்புப் படலம் படியும். ஒரு துணி கைவசம் இருக்கட்டும்.

காற்று சரிந்த கூரைக்கு ஆதரவாக ஒரு சாட்சியும் சொல்கிறது. வண்டியின் வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். கூரை நேராகப் போய்ச் சட்டென்று செங்குத்தாக முடிந்தால், வண்டிக்குப் பின்னால் காற்று சுழன்று பின்னோக்கி இழுக்கும். மெதுவாகச் சரிந்தால் இழுவை குறையும். பெட்ரோல் காரில் இது லிட்டர் கணக்கில் சின்ன வித்தியாசம். மின்சார காரில் மதுரைக்குப் போய்த் திரும்ப சார்ஜ் போதுமா என்ற கேள்வி. எக்ஸ்6-ல் வெறும் பகட்டாக இருந்த சரிவுக்கு, பேட்டரி வந்த பிறகு ஒரு நியாயம் கிடைத்திருக்கிறது. பழைய ரசிகர்களில் கொஞ்சம் நேர்மையானவர்கள் இதை மெல்லிய குரலில் ஒத்துக்கொள்வார்கள்.

அப்படியானால் தாழ்ந்த செடானே செய்யலாமே, அதற்கு இன்னும் இழுவை குறைவுதானே என்று கேட்டால், தூத்துக்குடிக்காரர்கள் 2023 டிசம்பரைச் சொல்வார்கள். 17, 18 தேதிகளில் கொட்டிய மழையில், காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் கிட்டத்தட்ட 95 செ.மீ. பதிவானது. மாநகரிலும் சுற்றுப்புறங்களிலும் நாள்கணக்கில் தண்ணீர் வடியவில்லை. தெருவில் நின்ற கார்கள் சீட் வரை மூழ்கின. அந்த வெள்ளத்தில் எஸ்யூவியும் தப்பவில்லை என்பது வேறு விஷயம். ஆனால் அதைப் பார்த்த பிறகு தரையோடு ஒட்டிய காரை வாங்க மனசு வராது. (மின்சார காரின் பேட்டரி தண்ணீர் புகாதபடி மூடப்பட்டதுதான். அதற்காக ஊரணியில் இறக்கிச் சோதித்துப் பார்க்க வேண்டாம்!)

இதே கேள்வியைத் தினமும் கேட்டு வைப்பவை வேகத்தடைகள். கடற்கரைச் சாலையில் ஊருக்கு ஊர் உண்டு. சில இடங்களில் அறிவிப்புப் பலகையும் இருக்கும்.

ஐகான் போன பாதை

தமிழ்நாட்டு கார் ரசிகர்களின் ஏக்கத்துக்கு ஒரு முகவரி உண்டு: மறைமலைநகர். ஃபோர்டு ஐகான் அங்கே செய்யப்பட்ட செடான். ஓட்டத் தெரிந்தவர்களின் கார் என்று இன்றைக்கும் கண்கள் விரியச் சொல்வார்கள். அதே ஆலையில் இருந்துதான் 2013-ல் எக்கோஸ்போர்ட் வந்து, சின்ன எஸ்யூவி மோகத்தையே நாடு முழுக்கக் கிளப்பிவிட்டது. ரசிகர்கள் கொண்டாடிய காரும் அங்கேதான், செடானை ஓரங்கட்டிய காரும் அங்கேதான். இரண்டையும் செய்த அந்த ஆலை 2022-ல் உற்பத்தியை நிறுத்தியது. பல வருடம் ஒரே யூனிஃபார்ம் போட்டவர்கள் நாற்பது வயதுக்கு மேல் வேறு வேலை தேட வேண்டியதாயிற்று.

சில்லாநத்தம் ஆலையைப் பற்றி மாப்பிள்ளையூரணி, ஓட்டப்பிடாரம் பக்கத்து வீடுகளில் இருக்கும் கவலையும் நம்பிக்கையும் இதைச் சுற்றியவைதான். ஐடிஐ, பாலிடெக்னிக் முடித்த பிள்ளைகள் இதுவரை ஓசூருக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் பஸ் ஏறினார்கள். இப்போது இரவு ஷிஃப்ட் முடித்து வீட்டுக்கு வந்து தூங்கலாம். நேரடியாக 3,000 முதல் 3,500 பேருக்கு வேலை என்று சொல்லப்பட்டிருக்கிறது. அந்த வேலை நிலைக்க வேண்டுமானால், ரசிகர்களுக்குப் பிடிக்கிறதோ இல்லையோ, இந்தச் சரிந்த கூரைகள் விற்க வேண்டும். கார் வடிவம் பற்றிய விவாதத்தில் பொதுவாக யாரும் கணக்கில் எடுக்காத தரப்பு இது. பாடி ஷாப்பில் அந்தக் கூரையைப் பொருத்துகிற பையனுக்கு அதன் சரிவு ஸ்டைலா, பகட்டா என்று கருத்து இருக்கலாம். மாதச் சம்பளம் அதைவிடப் பெரிய கருத்து.

‘வெளிநாட்டுக்காரன் காரை நம்ம கார் என்று சொல்லலாமா’ என்றும் ஒரு கேள்வி எழும். அதற்கும் தூத்துக்குடியிடம் பழைய உதாரணம் இருக்கிறது. 1906-ல் வ.உ.சிதம்பரனார் தொடங்கிய சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனிக்காக வாங்கிய காலியா, லாவோ கப்பல்கள் இரண்டும் வெளிநாட்டில் கட்டியவை. கப்பலின் முதலாளி யார், வருமானம் எங்கே போகிறது என்பதுதான் அவருக்குக் கேள்வி. அந்தக் கேள்வியை இன்றைக்குக் கேட்டால் பதில் அத்தனை வசதியாக இருக்காது. முதலாளி ஹனோயில் இருக்கிறார். பெரும்பாலான பாகங்கள் கப்பலில் வருகின்றன. உள்ளூர்ப் பட்டறைகளுக்கு எவ்வளவு ஆர்டர் கிடைக்கிறது என்பதை வைத்துத்தான் ‘நம்ம கார்’ என்பதன் எடையைப் பார்க்க முடியும்.

போக நினைத்தால்

உப்பு வாருவதைப் பார்க்க பிப்ரவரியில் இருந்து செப்டம்பர் வரை நல்ல நேரம். ஐந்து மணிக்கே கிளம்பிவிட வேண்டும். பாத்தி வரப்பில் செருப்போடு நடக்கக் கூடாது. கேட்டுவிட்டு இறங்கினால் யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். மாப்பிள்ளையூரணியில் இருந்து தருவைக்குளம் கொஞ்ச தூரம்தான். அங்கே படகுகள் பல நாள் கடலில் தங்கிப் பெரிய மீனோடு திரும்பும். அதே சாலையில் இன்னும் வடக்கே போனால் பனங்காடு கூடவே வரும். குளத்தூர், வைப்பார் தாண்டி வேம்பார். கருப்பட்டி அங்கே. மக்ரூன் வாங்க டவுனுக்குத் திரும்பித்தான் வர வேண்டும்.

புது கார் எடுத்து டெஸ்ட் டிரைவ் போல இந்தச் சாலையில் வருகிறவர்கள் பெரியவர்களைப் பின் சீட்டில் உட்காரவைத்து வேம்பார் வரை போய்த் திரும்பினால், எந்த வீடியோ விமர்சனமும் சொல்லாத பதில் கிடைத்துவிடும். தருவைக்குளத்தில் மீன் ஏலம் எடுத்தால் மட்டும் பெட்டியை டிக்கியில் ஏற்ற வேண்டாம். கூரை நேராக இருந்தாலும் சரி, சரிந்திருந்தாலும் சரி, டிக்கியும் சீட்டும் ஒரே அறைதான். வாசனை போக ஒரு வாரம் ஆகும். பின்னாலேயே லோடு ஆட்டோ வரும். அதில் அனுப்பிவிடலாம்.